காய்ச்சல் பங்கு

முற்பகல் வெயில் தென்னோலைக் கிடுகு இடுக்குகளால் நுழைந்து பாயில் கோடுகோடாக விழுகிறது. ஆதம்பாவா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறான். இருபது நாளாகக் கடற்கரைப் பக்கம் போகவில்லை. உடம்பில் ஒரு நோயுமில்லை. எழும்பத்தான் மனம் வருவதில்லை. அவன் இழுக்கும் கரைவலைக் கூட்டத்தில் நோயில் கிடப்பவனுக்கும் பங்குமீன் உண்டு, சும்மா கிடப்பவனுக்கு இல்லை. அதனால்தான் மனைவி சுலைகா காய்ச்சல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் வாங்கி வந்த மருந்துப் போத்தல் தலைமாட்டில் குறையாமல் நிற்கிறது. வாசலில் மணல் நெரிகிறது. கூட வலையிழுக்கும் உதுமாலெவ்வை, பங்குமீனாக ஓலையில் கோத்த பாரைக்குட்டிகளோடு குனிந்து உள்ளே வருகிறான். "காய்ச்சல் எப்பிடி மச்சான்?" கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை ஆதம்பாவாவின் நெற்றியில் வந்து படிகிறது. நெற்றி குடத்துத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடக்கிறது. கை அங்கேயே நிற்கிறது. உதுமாலெவ்வையின் கண் நிறைந்த போத்தலுக்குப் போய்த் திரும்புகிறது. சுலைகா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி கதவோரம் நிற்கிறாள். "நெருப்பாச் சுடுகுது புள்ள," என்கிறான் உதுமாலெவ்வை. "சுகமாகுமட்டும் படுக்கட்டும். மீனுக்கு நான் பொறுப்பு." போர்வையை ஆதம்பாவாவின் தோளுக்கு மேல் இழுத்துவிட்டுப் போகிறான். அவன் கையின் மீன்வாடை நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது. அதைத் துடைக்கவும் ஆதம்பாவாவுக்கு வெட்கமாக இருக்கிறது.