பதினோரு கோடுகள்

பதினொன்று.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மறுபடி எண்ணினாள். உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை, வெளியேயிருந்து உள்ளே ஒருமுறை. எப்படி எண்ணினாலும் பதினொன்றுதான்.

காய்ந்த பருவத்தில் தீனி குறையும், குதிரையின் எலும்பும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். வருடத்துக்கு ஒன்று. பல லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்து கல்லானாலும் அந்தக் கோடு அழியாது.

வளரும் வயதில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். வளர்ந்து முடித்தபின் ஓரத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்த எலும்புச் சில்லில் கடைசி ஆறு கோடுகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை.

இது அவள் அறுத்த இரண்டாவது சில்லு. முதலாவதைக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்த்தபோது சக்கரம் நாலு சுற்று கூடிப்போய், ஓரம் மொத்தமும் கரைந்துவிட்டது. மிஞ்சியவை ஐந்தே கோடுகள், அதுவும் தள்ளித் தள்ளி விழுந்தவை. அதை நம்பியிருந்தால் இன்னும் வளரவேண்டிய பிள்ளை என்று எழுதிக் கொடுத்திருப்பாள். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

எலும்பு வந்த பெட்டியின்மேல் 'குட்டி' என்று ஒட்டியிருந்தது. அவள் இந்த அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேரும் முன்பே யாரோ ஒட்டியது. மண்டை கிடைக்கவில்லை, ஒரு பல்கூட இல்லை, கால் எலும்புகளுக்கு இரண்டு முனையும் உடைந்திருந்தன. பிறகு எதை வைத்துக் குட்டி என்றார்கள்? சின்னதாக இருந்தது. அது போதாதா மனிதர்களுக்கு?

அந்தச் சொல்லைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே கூடத்துக்குப் போனாள். இன்று புதுப் பலகை மாட்டுகிறார்கள். என்ன எழுதுவது என்று அவள்தான் சொல்லவேண்டும்.

கண்ணாடிக்குள் இரண்டு குதிரைகள் நின்றன. இல்லாத எலும்புகளையெல்லாம் பிளாஸ்டரில் செய்து பொருத்தியிருந்தார்கள். பெரியது கழுத்தை வளைத்துச் சின்னதை, அந்தக் 'குட்டி'யை, முகர்ந்துகொண்டிருந்தது. கழுத்தை அப்படி வளைத்ததும் பிளாஸ்டர்காரரின் கைவண்ணம்தான். அடியில் 'தாயும் சேயும்' என்று பழைய பலகை.

தாயுமில்லை, சேயுமில்லை. பெரியதன் எலும்பையும் போன மாதமே அறுத்துப் பார்த்துவிட்டாள். மூன்றே கோடுகள், இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இளசு. அது பெரிய இனம், இது சிறிய இனம். ஏதோ ஒரு வெள்ளம் இரண்டையும் ஒரே பள்ளத்தில் தள்ளியிருக்கிறது. உறவு அவ்வளவுதான்.

கூடத்தின் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். எலும்பக்கா என்று அவளுக்குப் பேர் வைத்ததே அவர்தான்.

"அக்கா, ஜனங்க இந்த ரெண்டையும் பாக்கத்தான் வர்றாங்க. குட்டின்னே இருந்துட்டுப் போகட்டுமே, அதுவா வந்து கேக்கப்போகுது? நான் திருப்புளி எடுத்துட்டு வர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். அவள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியருகே நின்றாள்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் பெரியதை வேறு கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சின்னதற்கு யாருமில்லாமல் போகும்.

யாருமில்லாமல் இருப்பது எப்படியென்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அம்மா போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்த காலம்வரை, கடைத்தெருவில் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது அரைக் கிலோ தக்காளி வாங்கப் போவதென்றாலும் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

பொய்தான், இருந்தால் என்ன? பாவம், அதன்மேல் ஒரு கழுத்தாவது வளைந்திருக்கட்டும். நாலு பேர் தாய் என்று நம்புகிறார்கள், நம்பிவிட்டுப் போகட்டும். அவள் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் உச்சந்தலையில் மெதுவாகப் படிந்தது. கனிவான, முன்பின் கேட்டிராத ஒரு பெண்குரல்.

"என்னடா பாப்பா, தனியா நிக்கிறே? உங்க அம்மா எங்க?"

அவள் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண், தன் இடுப்புயரத்தில் நாற்பத்து மூன்று வயது முகம் ஒன்றைக் கண்டதும், நெருப்பில் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று அடுத்த கூடத்துக்குள் போய் மறைந்தாள்.

நல்ல மனுஷிதான். எல்லோரும் நல்லவர்கள்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பொறுப்பாளர் திருப்புளியோடு வந்து, என்ன முடிவு என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

"குட்டி இல்ல தம்பி. வயசு பதினொண்ணு. முழுசா வளர்ந்து முடிஞ்ச குதிரை. தனியாவே நிக்க வைங்க."