காதுக்குத் தெரியாத பிரெஞ்சு

வந்திருந்தவர்கள் மூன்றே பேர்: பிரெஞ்சுத் துறைத் தலைவர் செலஸ்தீனா, அவருடைய ஒரே மாணவி கோதை, பதிவாளர் இளம்பரிதி. துறை விழாவுக்குப் போட்டிருந்த மற்ற நாற்காலிகளெல்லாம் காலி.

காதில் மாட்டிய கருவியே எல்லா மொழியையும் மொழிபெயர்த்துச் சொல்லும்போது துறை எதற்கு என்று பல்கலைக்கழகம் கேட்டது. கருவி இல்லாமல் பிரெஞ்சு பேசும் மாணவர் ஒருவராவது இருந்தால் மூடமாட்டோம் என்றும் சொன்னது.

கோதை கருவியைக் கழற்றிவிட்டு மேடையேறினாள். பாண்டிச்சேரி வீட்டில் செலஸ்தீனா பேசி வளர்ந்த அதே பிரெஞ்சில், பல்கலைக்கழக விடுதிச் சாம்பாரைக் கிழிகிழியென்று கிழித்தாள். செலஸ்தீனா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இளம்பரிதி தன் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார். "மேடம், இது என்ன மொழின்னே தெரியலங்குது."

"பிரெஞ்சுதான் சார். எங்க வீட்ல பேசினது."

"இருக்கலாம். நான் யாரைக் கேட்டு உறுதி பண்றது?"

"என்னைக் கேளுங்க."

"நீங்க இதுல சம்பளம் வாங்குறவங்க மேடம்."

மனிதர்கள் பேசுவதை விட்டபின் கருவிகள் தங்களுக்குள் பேசிப் பேசித் தேய்த்து மாற்றிய பிரெஞ்சு மட்டுமே கருவிக்குத் தெரியும். அதை மறுத்துச் சொல்ல, பிரெஞ்சு தெரிந்த வேறு ஆள் ஊரில் இல்லை.

வாசலுக்கு வந்ததும், நாளைக்கு வகுப்புக்கு எங்கே வரட்டும் என்று கோதை பிரெஞ்சில் கேட்டாள்.

"வேணாம்மா" என்று செலஸ்தீனா தமிழில் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்குப் பின்னால் இளம்பரிதி கதவைச் சாத்திப் பூட்டினார்.