சோடியம் ஜாடி

சோடியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் பள்ளி ஆய்வகத்தில் அதை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். அன்று காலை ஆய்வகப் பொறுப்பாளர் அம்மா ஜாடியைத் திறந்தார். மண்ணெண்ணெய் வாடையே இல்லை.

“மூணாவது தடவையா மண்ணெண்ணெயைக் காணோம் சார்! சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.”

“சத்தியமா நான் தொடலைம்மா,” என்றார் வேதியியல் ஆசிரியர். “சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

ஆசிரியர் ஜாடியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துச் சோதித்தார். தண்ணீர்தான். அடியில் ஆறு துண்டுகள் சும்மா கிடந்தன.

“அப்போ இது சோடியமே இல்லை,” என்று அலுத்துக்கொண்டே அம்மா இடுக்கியால் ஒன்றை வெளியே எடுத்தார். அது சீறி, மஞ்சளாகப் பற்றியெரிந்து, மணல் வாளிக்குள் விழுந்தது.

இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“போய் ஜாடியை மூடுங்க சார்.”

“நீங்கதானேம்மா திறந்தீங்க!”

வெளியே பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ஜாடியில் மீதி ஐந்து துண்டுகளுக்கு மேல் தண்ணீர் லேசாக அசைந்தது.