இறங்குதுறையில் பேசும் தவநாயகம்

தவநாயகம் இறந்த மறுவருடம், அவரது நினைவுகளை ஒரு பேசும் கருவியில் ஏற்றி நோர்வேயின் ஸ்கார்விக் கிராமத்து இறங்குதுறையில் பொருத்தினார்கள். அங்கே நாற்பது வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் அவர். கப்பலில் வரும் சுற்றுலாப் பயணிகள் கேட்பதற்கெல்லாம் இப்போது அவர் குரல்தான் பதில் சொல்கிறது.

உயிரோடிருந்தபோது "சாப்பாட்டைப் போடும்" என்பதற்கு மேல் வீட்டில் பேசாத மனிதர். இப்போதோ, பனிக்காலத்திலும் அங்கே கடல் ஏன் உறைவதில்லை, இரண்டாம் உலகப் போரில் தேவாலயம் எப்படி எரிந்தது என்று முன்பின் தெரியாதவர்களிடம் வாய் ஓயாமல் பேசினார். தனக்கு மீன் வெட்டப் பழக்கிய சோல்வெய் என்ற நோர்வேக்காரியின் சிரிப்பைக்கூட வர்ணித்தார்.

அவர் மனைவி மங்களேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. கூட்டம் கப்பலேறிய பிறகு கிட்டப் போனாள்.

"நான் இஞ்ச வந்திறங்கின நாள் ஞாபகம் இருக்கோ?"

"நீங்கள் ஆர்?"

"உங்கட மனுசி."

"உங்களை எனக்குத் தெரியேல்லை அம்மா."

அவர் நோயில் கிடந்தபோது நினைவுகளைப் பதிய வந்தவர்களை வாசலிலேயே மறித்துச் சொன்னவள் அவள்தான்: "இந்த ஊர்க் கதையை மட்டும் எடுங்கோ. எங்கட வீட்டுக் கதை வெளியில போகக்கூடாது."

சோல்வெய் ஊர்க் கதையில் சேர்த்தியாம்.