சந்தாபுரா தாண்டினால் வரும் கோளாறு

"நீங்க மிதிக்கிறீங்க, வண்டி உட்கார்ந்து யோசிக்குது. இதுக்குப் பேர் என்ன தெரியுமா ராம்கி?"

"பிக்கப் கம்மி சார்."

"பிக்கப் கம்மின்னா எப்பவும் கம்மியா இருக்கணும். இது முதல்ல தயங்கிட்டு, அப்புறம் மனசில்லாம எடுக்குது. ரெண்டும் வேற வேற நோய்."

பாலசுப்ரமணியன் மெக்கானிக் அல்ல. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவன். ஆறு வருடமாக அதையே செய்ததில், பிழை இல்லாத பொருளைப் பார்த்தால்தான் அவனுக்குச் சந்தேகம் வரும்.

கம்பெனி வாடகைக்கு எடுத்த கார் காலையில் ஆனேக்கல்லில் வீணா, நீல் இருவரையும் ஏற்றிக்கொண்டு, சந்தாபுராவில் இவனை ஏற்றும். மூன்று பேரும் ஒரே டீம். ராம்கி ஓட்டுவார்.

இவன் ஏறியதும் வண்டி நகர யோசிக்கும். பின்னால் ஓசூர் ரோட்டு லாரிகள் ஹாரன் அடிக்கும். இவன் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். இஞ்சின் சத்தத்தைக் கூர்ந்து கேட்க அதுதான் வழி என்பது அவனுடைய சொந்த ஆராய்ச்சி முடிவு.

"ஏர் ஃபில்டர் பார்த்தீங்களா?"

"புதுசு சார்."

"டீசல் ஃபில்டர்?"

"அதுவும் புதுசு."

"இன்ஜெக்டர்?"

"மெக்கானிக் சுத்தமா இருக்குன்னான் சார். வண்டிக்கு வயசாயிடுச்சு, வேற என்ன?"

"மூணு வருஷ வண்டிக்கு என்ன வயசு? ராம்கி, எனக்கு உங்க மேல விரோதம் ஒண்ணும் இல்ல. பின்னால லாரி வர்ற ரோட்ல தயங்கற வண்டி ஆபத்து. கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு எழுதத்தான் போறேன்."

எழுதினால் என்ன ஆகும் என்று காரில் எல்லோருக்கும் தெரியும். கோளாறு என்று புகார் போன வண்டியை அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ராம்கிக்கு இருப்பது அந்த ஒரு வண்டி, இந்த ஒரு ரூட்.

"சும்னெ இரு பாலா," என்று கன்னடத்தில் அடக்கினாள் வீணா. "தினமும் பத்திரமாத்தானே கொண்டுபோய் விடறார்?"

"பத்திரமா போனோம்கிறது ஆதாரம் ஆகாது வீணா."

ஆதாரத்துக்கு அவனே வழி செய்தான். மறுநாள் சாயங்காலம் ஒரு சின்னக் கருவியை ராம்கியிடம் நீட்டினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால், கால் எவ்வளவு மிதித்தது, இஞ்சின் எவ்வளவு கொடுத்தது என்று பதிந்து வைத்து, பிறகு போனில் இரண்டு கோடாக வரைந்து காட்டும். கால் கோடு ஏறி, இஞ்சின் கோடு பின்தங்கினால் வண்டியில் கோளாறு.

"நாளைக்கு ஆனேக்கல்ல கிளம்பும்போதே செருகிடுங்க. இதை ஏமாத்த முடியாது."

ராம்கி அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செருகிடறேன் சார்."

செருகியும் வைத்திருந்தார்.

அடுத்த நாள் காலை ஆபீஸ் வாசலில் கார் நின்றதும் பாலசுப்ரமணியன் கண்ணைத் திறந்து போனை எடுத்தான். புகார்க் கடிதத்தை முந்தின நாளே அடித்து வைத்திருந்தான். படத்தைச் சேர்ப்பதுதான் பாக்கி.

படத்தைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.

ஆனேக்கல்லிலிருந்து சந்தாபுரா வரை இரண்டு கோடும் சேர்ந்தே ஏறி இறங்கின. சந்தாபுராவுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே படுத்துவிட்டன. கால் கேட்டதை இஞ்சின் உடனுக்குடன் கொடுத்திருந்தது. கால்தான் பயந்து பயந்து கேட்டிருந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல," என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "நீங்கதான் மிதிக்கல. அதுவும் நான் ஏறின அப்புறம் மட்டும். ஏன் ராம்கி? என் மேல என்ன கோபம்?"

ராம்கி கண்ணாடி வழியே வீணாவைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க," என்றாள் அவள்.

"பாப்பா பிறந்ததுலேருந்து ராத்திரி தூக்கமே இல்லன்னு சொன்னீங்களே சார். ஏறினதும் உங்க தலை ஜன்னல் கண்ணாடியில சாஞ்சிடுது. வேகமா எடுத்தா டங்குன்னு முட்டிக்கிறீங்க. ரெண்டு நாள் பார்த்தேன், மனசு கேக்கல. அதான் இடது ஓரமாவே மெதுவா வர்றேன்."

"நான் தூங்கறதில்ல. இஞ்சினைக் கேட்டுட்டிருக்கேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?" என்றான் நீல்.

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சார் வண்டி மேல பழியைப் போட்டேன்," என்றார் ராம்கி.

பாலசுப்ரமணியனின் காது மடல் சிவந்தது. கடிதத்தை அழித்தான். கருவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான்.

"நாளையிலேருந்து ஒழுங்கா மிதிங்க. தலை முட்டினா முட்டட்டும்," என்றான். இறங்கப் போனவன் நின்றான். ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு உதைத்தது.

"அது சரி, இவ்வளவு மெதுவா வந்தா தினமும் பத்து நிமிஷமாவது லேட் ஆகணுமே? ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட நான் போறதுக்கு முன்னாடி ஒன்பதரை மீட்டிங் ஆரம்பிச்சதில்ல. டீம் லீட் அனன்யா மேடம் அரை நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டாங்களே."

வீணா கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"நம்ம கார் கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் மீதி எட்டுப் பேரையும் காபி மெஷின்கிட்ட நிறுத்தி வெச்சிருக்கிறதே அவங்கதான், பாலா."