சக்கரம் வைத்த சாராயப் பானை

"ஐயா, இது சாராயம் காய்ச்சுற சாமான்தான். எம் பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்!" என்றார் மாசானம்.

மதுவிலக்கு வந்த புதுசு. மாசானம் அந்தத் தெருவின் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர். தலைவரான நாளிலிருந்து யாரையாவது பிடித்துக் கொடுத்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஒரே அரிப்பு. இன்றைக்கு மாட்டியவர், எதிர்வீட்டுக் கருப்பட்டிக் கடை வன்னியபெருமாள்.

முற்றத்தில், எஸ்.ஐ. கிருபாநிதியின் காலடியில், முழ நீளத்துக்கு உட்கார்ந்திருந்தது அந்தச் சாமான். செம்பில் ஒரு பாயிலர், வளைந்து வளைந்து குழாய்கள், அடியில் குட்டியாக ஒரு திரிவிளக்கு. வாசலில் தூத்துக்குடி ஊரில் பாதி கூடி நின்றது.

"பொம்மை ரயில் இஞ்சின்யா இது!" வன்னியபெருமாள் பதறினார். "கப்பல் கம்பெனித் துரை சீமைக்குப் போகையில பங்களா சாமானையெல்லாம் ஏலம் விட்டாகள்லா? அங்கன எடுத்தேன். துரைமாரு தோட்டத்துக்குள்ள தண்டவாளம் போட்டு ஓட விடுவாகளாம். பெட்டி நெறைய உதிரி உதிரியாக் கெடந்துச்சு. ராவும் பகலுமா நானே உக்காந்து மாட்டுனேன். கடை வாசல்ல ஓட விட்டா நாலு பேரு வருவாம்லா?"

"எந்தக் கம்பெனி இஞ்சின்? என்ன மாடல்? பெட்டியில சீட்டு ஒட்டியிருப்பானே!" என்றார் எஸ்.ஐ.

பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தார்கள். சீட்டைக் கரையான் தின்றிருந்தது. இங்கிலீஷில் இரண்டே வார்த்தைதான் மிச்சம். எஸ்.ஐ. சத்தமாக வாசித்தார்.

"பாயிலர்... ஸ்பிரிட்..."

"அடப்பாவி, சாராயமேதான்!" என்றது கூட்டம்.

பாழாய்ப் போன கரையான், 'ரயில்' என்று இருந்த இடத்தை மட்டும் தேடிப் பிடித்துத் தின்றிருக்கிறது!

"அப்ப அடியில ஆறு சக்கரம் இருக்கே, அது எதுக்காம்?" வன்னியபெருமாளின் மனைவி முத்துக்கனி கேட்டாள்.

மாசானம் அசரவில்லை. "போலீஸு வந்தா கொதிக்கிற பானையத் தூக்கிட்டு ஓட முடியுமா? அதான், உருட்டிட்டு ஓடுறதுக்கு!"

எஸ்.ஐ.க்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. "இந்த மூளைய வேற எதுலயாவது காட்டியிருக்கலாமேவே," என்று வன்னியபெருமாளைப் பார்த்து வருத்தப்பட்டார். "சரி, இஞ்சின்னா ஓடணும். ஓட்டிக் காட்டும். ஓடுச்சுன்னா ரயிலு. ஓடலன்னா ஆறு மாசம் உள்ள."

வன்னியபெருமாள் பெட்டியோடு வந்த தண்டவாளத் துண்டுகளை முற்றத்தில் நீட்டிப் போட்டார். பாயிலரில் தண்ணீர் ஊற்றினார். விளக்கைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, இந்த வெளக்கு எரிய ஸ்பிரிட்டு ஊத்தணும்."

"பெர்மிட் இருக்கா?"

"இல்லய்யா. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் ஓட்டிப் பாக்கல."

"பெர்மிட் இல்லாம ஸ்பிரிட்டு வச்சிருந்தீருன்னா அதுக்குத் தனிக் கேசு, தெரியும்லா?"

ஸ்பிரிட் இருந்தால் ஒரு கேசு, இல்லாவிட்டால் ஒரு கேசு. மனுசன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். குபுகுபுவென்று புகைந்து எஸ்.ஐ.யின் மூக்குதான் கறுத்தது. நல்லெண்ணெய் ஊற்றினார். சாமி விளக்கு மாதிரி அழகாக எரிந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் மட்டும் சுடவே இல்லை.

"நடவும் ஸ்டேஷனுக்கு," என்றார் எஸ்.ஐ.

முத்துக்கனி ஓவென்று அழுதாள். மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். மாசானத்தின் மனைவி பிச்சம்மாள். கையில் ஒரு பாட்டில்.

"அண்ணாச்சி, இத ஊத்திப் பாருங்க."

"என்னதும்மா அது?" என்றார் எஸ்.ஐ.

"எங்க வீட்டுக்காரவுக ராத்திரியில குடிக்கிற இருமல் மருந்துய்யா. அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாக. தீயக் கண்டா குப்புன்னு பிடிக்கும். முத்துக்கனி மதினி அழுறத என்னால பாக்க முடியல."

மாசானத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

வன்னியபெருமாள் ஊற்றினார். திரி நீலமாகப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் பாயிலர் தளதளவென்று கொதித்து, இஞ்சின் மூச்சுவிட ஆரம்பித்தது. சின்னக் கைப்பிடியைத் தட்டினார். 'கூ' என்று ஒரு சத்தம். ஓடியேவிட்டது! தண்டவாளம் முடிந்த பிறகும் நிற்காமல் மண்ணில் இறங்கி, எஸ்.ஐ.யின் பூட்ஸில் போய் முட்டியது.

"ரயிலுதான்," என்று ஒத்துக்கொண்டார் எஸ்.ஐ. பிறகு மெல்ல மாசானத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா இருமல் மருந்துல ரயில் ஓடி நான் பாத்ததில்லையே. அந்தப் பாட்டிலத் தாரும்வே, மோந்து பாப்போம்."

பாட்டில் வன்னியபெருமாள் கையில் இருந்தது. அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது.

மாசானம் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாட்டிலை நீட்டினால் போதும், பட்ட அவமானத்துக்கெல்லாம் கணக்குத் தீர்ந்துவிடும். நீட்டத்தான் போனார் வன்னியபெருமாள். தலை குனிந்து நின்ற பிச்சம்மாள் கண்ணில் பட்டாள். 'எம் பொஞ்சாதி கண்ணீருக்காகத் தன் புருசனையே மாட்டிவிட்டுட்டு நிக்காளே, பாவி மக!' என்று நினைத்தவர், நீட்டப் போன கையை மடக்கிக்கொண்டார்.

பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தறியாத மனுசன், பாட்டிலை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தார். கண் பிதுங்கியது, காது மடல் வரை சிவந்தது, அடிவயிற்றிலிருந்து இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"மருந்தேதான்யா," என்று இருமி இருமிக் காலிப் பாட்டிலை நீட்டினார். "எனக்கே இருமல் நின்னுட்டு, பாருங்க!"