நவுஷாத் போட்டிருக்கிற சட்டை

"பாய், உங்க புள்ளயக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தங்கதுரை இதைத்தான் சொன்னார். நைனார்பாளையத்து விவசாயி. இடது கையில் கட்டு. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் போலீஸ் போட்ட அடி இன்னும் ஆறவில்லை.

ரெடிமேட் கடை அப்துல் ஜப்பார் அவசரமாக ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க. இன்னா பண்ணான் நவுஷாத்?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கிறான். அத்தப் பாத்தே எங்கூட்டுப் பையன் கெட்டுப் போறான்."

குற்றவாளி கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பதினேழு வயது. கிளிப்பச்சையில் தொளதொளவென்று சட்டை, தோளில் பட்டி, மார்பில் இரண்டு பெரிய பாக்கெட், தூக்கிவிட்ட காலர். கள்ளக்குறிச்சியில் பாதிப் பையன்கள் அவனைப் பார்த்துத்தான் தலையே வாரினார்கள். பார்த்ததும் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தோன்றாத பெரியவர்கள் ஊரில் குறைவு.

"ரெண்டு பேரும் ஒரே டுடோரியல்தான பாய்? எங்க அன்புச்செல்வன் ஒரு வாரமா அந்தப் பக்கமே போவல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு கெடக்கறான். இன்னாடான்னு கேட்டா, நவுஷாத் போட்டுக்கினு வர்ற சட்டை வேணுமாம். அது இல்லாம அந்தப் பசங்க நடுவுல போய் நிக்கமாட்டானாம்."

"ரெண்டு அறை வுடறதுதான?"

"வுட்டேன். அப்பறம் பக்கத்துல ஒக்காந்து நல்லதனமாவும் கேட்டேன். 'அதப் போட்டாதாம்பா நான் நானா இருக்கற மாதிரி இருக்கும்'னான். இன்னா பேச்சு பாய் இது? அடுத்தவன் சட்டையப் போட்டா இவன் எப்படி இவனாவான்?"

ஜப்பார் உச்சுக்கொட்டினார்.

"புள்ளைங்களுக்குப் படிப்புல எடம் வேணும், வேலையில எடம் வேணும்னு ரோட்ல ஒக்காந்து கை ஒடஞ்சு வந்து நிக்கறேன். நாளைக்கி எடம் குடுத்தாலும், அத வாங்கிக்க இவன் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுமா இல்லையா? ஏற்கெனவே ஒரு தடவ பெயிலு. பரீட்சை கிட்ட வந்துடுச்சி. எல்லாம் இப்ப ஒரு சட்டையில வந்து நிக்குது."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. சண்டை போடவும் தெம்பில்லாத அலுப்பு.

ஜப்பாரின் முகம் சிவந்துவிட்டது.

"கேட்டுக்கிட்டியாடா? எவனோ மெட்ராஸ்ல போடறான்னு நீ போடற. உன்னப் பாத்து இன்னொருத்தன் சோறு தண்ணி இல்லாம படுத்துக்கறான். சொந்தமா ஒரு புத்தி வேணாம்? நடக்கறது ஒருத்தன மாதிரி, சிரிக்கறது ஒருத்தன மாதிரி. இதுல நெஜமான நவுஷாத் எவன்டா?"

நவுஷாத் தூக்கிவிட்ட காலரை மட்டும் மடக்கிவிட்டுக்கொண்டான்.

"திட்டாதீங்க, வுடுங்க" என்றார் தங்கதுரை. "அதே மாதிரி ஒண்ணு குடுங்க. நான் தோத்துட்டேன்னே வெச்சிக்கங்க. அவன் போய்ப் படிச்சா சரி."

"இருந்தா குடுக்க மாட்டேனா? மறியல்ல லாரி நின்னதுலேர்ந்து புதுச் சரக்கே வரல. பச்சையில ஒண்ணுகூட இல்லீங்களே."

தங்கதுரை எழுந்துகொள்ள மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜப்பார் அவரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"கழட்டுடா."

"அத்தா..."

"கழட்டுடான்றேன்."

"பாய், வாணாம் பாய். புள்ள மனசு நோவும்."

"நல்லா நோவட்டும். அப்பதான் புத்தி வரும். இன்னிக்கிக் காலையில போட்டதுதாங்க, ஒரு தண்ணி அலசிட்டாப் போதும். உங்க பையனும் இதையேதான கேட்டான்?"

நவுஷாத் பனியனோடு நின்றான். ஜப்பார் சட்டையை மடித்து, காலருக்குள் அட்டை வைத்து, கவரில் போட்டுக் கொடுத்தார். விலையிலும் குறைத்துக்கொண்டார்.

தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒற்றைக் கையால் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சொந்தப் புள்ள முதுகுலேர்ந்து உருவிக் குடுக்கறீங்க. சண்டை போடலாம்னு வந்தேன் பாய். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

"உங்க புள்ள படிக்கணுங்க. சட்டை இன்னா பெரிய சட்டை?"

தங்கதுரை ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் போகிற வரைக்கும் ஜப்பார் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தார். மேல்தட்டிலிருந்து ஒரு புதுக் கவரைப் பிரித்து, சிவப்புச் சட்டை ஒன்றை உதறி, குண்டூசிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"நாளையிலேர்ந்து இதப் போட்டுக்க. பச்சை ஓடி முடிஞ்சிடிச்சி. மறியல்ல விக்காமப் போன தீபாவளிச் சரக்கு, மேல பூரா செவப்புதான். பஸ் வர்ற நேரமாப் பாத்து டுடோரியல் வாசல்ல நில்லு. யார்கிட்டயும் ஜாஸ்தி பேசாத, பேசினா மவுசு போயிடும்."

நவுஷாத் சட்டையை வாங்கவில்லை. களைத்துப்போன குரலில் கேட்டான்.

"அத்தா, ஒரு நாளைக்காவது என் சட்டையப் போட்டுக்கினு போறனே."

ஜப்பாருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உன் சட்டையா? எதுடா அது?"

நவுஷாத் கடையைச் சுற்றிலும் பார்த்தான். எதையும் காட்டத் தெரியாமல், சிவப்புக்குள் கையை நுழைத்தான்.